அப்பாவின் பத்மினி: குறைந்த செலவில் பழைய காரைச் சீராக்கும் முறை

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், முதல் தலைமுறையினர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பெரிய பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஊரில் ஒரு துண்டு நிலம், இங்கே ஒரு சிறிய வீடு, சற்று வசதி வந்தவர்களிடம் ஒரு ஃபியட் கார். அந்தக் காலத்தில் கார் என்பது கடைக்குப் போய் வாங்கி வரும் பொருளல்ல. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களுடைய கார் மட்டும் குடியிருப்பின் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில், காற்றிறங்கிய சக்கரங்களோடு நிற்கிறது.

பிள்ளைகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரிவதில்லை. காயலான் கடைக்குப் போட மனம் வருவதில்லை. பட்டறைக்காரரிடம் கேட்டால் அவர் சொல்லும் தொகை மலைக்க வைக்கிறது. இதற்கிடையில் குடியிருப்புச் சங்கம் இடத்தைக் காலி செய்யச் சொல்லி எழுதுகிறது. மாதச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் போக மீதியில் ஒரு பழைய காரை உயிர்ப்பிக்க முடியுமா? முடியும். ஆனால் வேலையின் வரிசை தவறக்கூடாது. அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிரீமியர் பத்மினியை உதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தாலும், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகள் வைத்திருப்போருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. வண்டியைப் பற்றிச் சில விவரங்கள்

பத்மினியின் பிறந்தகம் இத்தாலி. அந்நாட்டு ஃபியட் நிறுவனத்தின் 1100 வகைக் காரை இங்கே பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லா தொழிற்சாலையில் தயாரித்தது. 1964இல் 1100 டி என்ற வடிவம் வந்தது. 1974 முதல் அதே வண்டி பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. 2000ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டி 2003இல் பதிவானது. டாக்சிகளுக்கான இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் அதுவும் ஓய்வு பெற்றது.

இந்த டாக்சி வரலாறு நமக்கு ஒரு வசதி. ஆயிரக்கணக்கான பத்மினிகளைப் பழுது பார்த்துப் பழகிய மிஸ்திரிகள் இந்த நகரில் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடிய கைகாரர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கும் வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. உதிரி பாகமாவது தேடினால் கிடைக்கும். கைத்திறன் போனால் திரும்பாது. வண்டியைச் சீராக்க எண்ணுவோர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

வண்டியின் அமைப்பில் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. லாரியைப் போல அடியில் ஒரு சேசிஸ், மேலே ஒரு கூடு என்று இல்லாமல், தகட்டுக் கூடே சுமையைத் தாங்குகிறது. இரண்டாவது, எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். துளை 68 மி.மீ., வீச்சு 75 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1089 கன செ.மீ. கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். மூன்றாவது, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். செலவை எங்கே செய்ய வேண்டும் என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

2. கருவியைத் தொடும் முன் காகிதம்

வண்டி அப்பா பெயரிலேயே இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம். உரிமையாளர் காலமான 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தால் தாமதக் கட்டணம் செலுத்தியாவது முடித்துவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற எழுத்துமூலமான ஒப்புதல் தேவைப்படும். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நினைக்க வேண்டாம். துருப்பிடித்துக் கிடந்தபோது யாருக்கும் வேண்டாத கார், பளபளவென்று நின்றதும் பலருக்கு நினைவுக்கு வரும். செலவு தொடங்கும் முன்பே பேசி முடிப்பது உறவுக்கும் நல்லது.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிப்பார்கள். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆயிற்று, 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்ந்தது. மகாராஷ்டிரத்தில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. காப்புறுதி, புகைச் சான்று, புதிய வகை எண் பலகை ஆகியவை தனி. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஊரில் நிற்கும் காரை இங்கே கொண்டுவர நினைப்போர் கவனிக்க: வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்துப் பதிவெண் பெற வேண்டும். அதற்கு ஊரில் உள்ள பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அது படிவம் 28. இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். வண்டியை ரயிலிலோ லாரியிலோ ஏற்றும் முன்பே அந்தச் சான்றை வாங்கிவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

தில்லி அன்பர்களுக்குத் தனி எச்சரிக்கை. தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2025இல் இதுபற்றி மேலும் ஆணைகள் வந்துள்ளன. நடப்பு நிலையை விசாரிக்காமல் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம்.

முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக விரும்புவோர் சாதாரணப் பதிவை நீட்டிப்பதே பொருத்தம்.

காகித வேலையின்போதே சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எப்போதோ எஞ்சின் மாற்றியிருந்து, அது பதிவில் ஏறாமலிருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும்.

3. முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும், கடைசியில் மின்னட்டும்

இந்தத் தலைப்புத்தான் பாடத்தின் சாரம். எந்த வண்டியும் முதலில் நம்பிக்கையாக நிற்க வேண்டும். பிறகு ஓட வேண்டும். அழகு அதற்குப் பின். நடைமுறையிலோ இது தலைகீழாக நடக்கிறது. பெயிண்ட் அடித்ததும் கண்ணுக்கு நிறைவாக இருப்பதால் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

எனக்குத் தெரிந்த இரு குடும்பங்களின் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் குடும்பம் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு, முழுவதும் பிரித்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது. பாதிப் பணம் முன்பணம். பிரித்த பிறகு அடித்தகட்டில் துரு தெரிந்தது, மதிப்பீடு இரட்டித்தது. பணம் புரளவில்லை. வண்டி பட்டறை ஓரத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தது. கதவுப் பிடிகளும் முன் கிரில்லும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எடைக்குப் போயிற்று. இரண்டாவது குடும்பம் முதல் ஆண்டில் பிரேக்கும் டயரும் மட்டும் பார்த்தது. இரண்டாம் ஆண்டில் அடித்தகடு, மூன்றாம் ஆண்டில் எஞ்சின். நிறம் இன்னமும் பழையதுதான், அங்கங்கே மங்கல். ஆனால் வண்டி ஓடுகிறது. இரு குடும்பங்களின் வசதியும் ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, வண்டியை ஒரே சமயத்தில் முழுவதும் பிரிக்காதீர்கள். ஒரு பகுதியைப் பிரித்து, சரிசெய்து, பூட்டி முடித்த பிறகே அடுத்த பகுதி. பணம் எந்த மாதத்தில் தீர்ந்தாலும் வண்டி முழு வண்டியாகவே நிற்க வேண்டும். அகலக் கால் வைக்காதே என்ற பழமொழி பட்டறைக்கு மிகவும் பொருந்தும்.

4. நூறு ரூபாயைப் பங்கிடும் முறை

விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தொகையாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன். முதல் சுற்றுக்குக் கையிலுள்ளது நூறு ரூபாய் என்றால் இப்படிப் பிரிக்கலாம்:

காகிதம், கட்டணங்கள்: 8
பிரேக், டயர், ஸ்டியரிங்: 30
அடித்தகடு, துரு, வெல்டிங்: 25
எஞ்சின், பெட்ரோல் வழி, குளிர்விப்பு: 15
பேட்டரி, ஒயரிங்: 7
எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பு: 15

பெயிண்ட், சீட் உறை, குரோமியப் பூச்சு ஆகியவை இதில் இல்லை. அவை இரண்டாம் சுற்று. கையிருப்பு 15ஐத் தொடக்கத்திலேயே கரைத்துவிடக்கூடாது. பழைய வண்டியில் ஒரு போல்ட்டைக் கழற்றப் போனால் மூன்று முறியும். எஞ்சினை முழுவதும் இறக்கிச் செய்ய வேண்டும் என்று சோதனையில் தெரிந்தால், அதையும் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளி வையுங்கள்.

5. பிரேக், டயர், ஸ்டியரிங்

ரயில்வேயில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக இருக்கும்போதுள்ள அளவு ஒன்று, கழிக்க வேண்டிய அளவு ஒன்று. நம் ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கரம் புதிதில் 915 மி.மீ. விட்டம். தேயத் தேயக் கடைசலில் கடைந்து மீண்டும் மீண்டும் ஓட விடுவார்கள். கழிக்கும் அளவைத் தொட்டதும் யார் சொன்னாலும் ஓட விடமாட்டார்கள். பழைய காருக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும். நன்றாக உள்ளதைப் பழசு என்பதற்காக மாற்றுவது வீண் செலவு. தேய்ந்ததைப் பாசத்துக்காக வைத்திருப்பது ஆபத்து. அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் ரப்பரை அளந்து பார்க்க முடியாது. ஆகவே பிரேக்கில் உள்ள ரப்பர் அனைத்தையும் கேள்வியின்றி மாற்றுங்கள்: மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு சக்கரச் சிலிண்டர் கிட்கள், வளைகுழாய்கள். செலவு குறைவு, பலன் உயிர். சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். இரும்புக் குழாய்களை ஈரத் துணியால் துடைத்து, துரு மேடுகளைத் தேடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது என்று பொருள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துத் தள்ளவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தியது. பட்டை நன்றாக இருக்கிறதே என்று அதில் குழந்தைகளை ஏற்றிப் போகாதீர்கள். முன்சக்கரத்தை உயர்த்தி மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எந்த மூட்டில் என்று ஒருவர் ஆட்ட, மற்றவர் கைவைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

வண்டியின் அடியில் புகும்போது ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. இரும்பு முட்டு கட்டாயம். செங்கல் அடுக்குவதும் கூடாது. பாரம் தாங்காமல் அது நொறுங்கும்.

6. சுவர் இருந்தால்தான் சித்திரம்

கூடே சுமை தாங்கும் வண்டி என்பதால் துரு இங்கே அழகுக் குறை மட்டுமல்ல, வலுக் குறை. நம் நகரின் உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடு, கால்மிதியின் கீழ்த்தளம், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் பட்டை வில் பொருத்திய இடம், டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளம்.

சோதனைக்கு ஒரு சிறு காந்தமும் ஒரு ஸ்குரூடிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. ஸ்குரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போகும் இடத்தில் தகடே இல்லை. மேலும், கதவுகளின் இடைவெளியைக் கவனியுங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், அல்லது ஜாக்கியில் உயர்த்தியதும் கதவு பிடித்துக்கொண்டால், கூடு நடுவில் தொய்கிறது என்று அறியலாம்.

துருவின் மேல் பட்டி பூசி மூடுவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் கொப்பளிக்கும். அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். இரு பக்கப் பெட்டித் தகடுகளையும் ஒரே சமயத்தில் வெட்டக்கூடாது. ஒரு பக்கம் முடித்த பின்பே மறுபக்கம். கதவுகளை மூடி, அடியில் முட்டுக் கொடுத்து, இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டு வெல்டிங் செய்தால் கூடு கோணாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும் பெட்ரோல் டாங்கை இறக்கி வெளியே வைப்பதும் கட்டாயம். முடிந்ததும் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடித்தகட்டுப் பூச்சு. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். காசில்லாத இந்த வேலை பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

7. எஞ்சின்: பிரிக்கும் முன் கேளுங்கள்

நெடுநாள் நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழன்றால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய பெட்ரோலை வடித்து, டாங்கைக் கழுவி, பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

'எஞ்சின் இறக்க வேண்டும்' என்று மிஸ்திரி சொன்னால், கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. உதாரணமாக மூன்று 120, ஒன்று 75 என்றால், குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் கோளாறு வால்வில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். வால்வும் கேஸ்கெட்டும் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை. முழு எஞ்சினையும் இறக்குவதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அரை மணி நேரச் சோதனையில் மிச்சமாகும் பணம் இது.

ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் வளையும். கழற்றினால், நேர் விளிம்புள்ள எஃகுப் பட்டையை வைத்து ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். பொதுவாக 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் ஹெட்டைச் சமப்படுத்த வேண்டும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்த எஞ்சினில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றினால் அரிப்பு குறையும். ரேடியேட்டர் குழாய்களும் விசிறி பெல்ட்டும் கேள்வியின்றிப் புதிதாக இருக்கட்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படியொரு கலவை இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டரின் வாஷர்கள் ஆகியவற்றுக்கும் இதுவே. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள், வடித்துவிடுங்கள்.

8. மின் இணைப்பு

பழைய ஒயர்களின் மேலுறை வளைத்தால் வெடிக்கும். வெடித்ததை டேப் சுற்றி மறைக்காமல் மாற்றுங்கள். 'கரண்ட் வரவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை எர்த் இணைப்பின் துருவால் வருபவை. பேட்டரியிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் செல்லும் பட்டைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே பாதி நோய் தீரும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் ஸ்விட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும். ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றும் பழக்கம் வேண்டாம்.

9. உதிரி பாகம் தேடுதல்

மும்பையில் குர்லா சி.எஸ்.டி. ரோடும் சோர் பஜாரும், தில்லியில் காஷ்மீரி கேட்டும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும் பெயர் பெற்ற இடங்கள். கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடலாம். போகும்போது பழைய பாகத்தையே துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கடைக்காரர் சொல்லும் 'இதுவேதான்' என்ற சொல்லை அளவு பார்த்து நம்புங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல் ஒரு வாஷருக்காக ஒரு நாள் அலையாமல், பட்டியல் எழுதிக்கொண்டு ஒரே நடையில் முடியுங்கள்.

எஞ்சின், பிரேக் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் லேத்தில் செய்துகொள்ளலாம். கிடைப்பதற்கு அரியவை விளக்குக் கண்ணாடி, கதவுப் பிடி, குரோமியப் பட்டை, பெயர்ப் பலகை, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் போன்றவை. பட்டறைக்கு வண்டியை அனுப்பும் முன் இவற்றைப் படம் எடுத்து, கழற்றக்கூடியதைக் கழற்றிப் பெயர் எழுதி வீட்டிலேயே வையுங்கள். கழற்றிய போல்ட், நட்டுகளைப் பகுதிவாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். பட்டறையோடு பேசும்போது வேலைவாரியாகக் கூலி பேசி எழுதி வாங்குங்கள். ஒரு வேலை முடிந்ததும் அதற்குரிய பணம். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

10. கைவிட வேண்டிய வண்டி

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். பின் வில் பொருத்திய இடமும் இரு பக்கப் பெட்டித் தகடுகளும் ஒருசேர அரித்துப் போயிருந்தாலோ, பதிவுப் புத்தகம் இல்லாமல், நகல் பெறவும் வழியில்லாமல் இருந்தாலோ, கடன் வாங்கி அதில் இறங்க வேண்டாம். மகளின் படிப்புக்கு வைத்த பணத்தைத் துருவில் கொட்டுவதை அந்தக் காரை வாங்கிய தகப்பனாரே விரும்பமாட்டார். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் உள்ளன. அங்கே ஒப்படைத்து, அதற்குரிய சான்றைப் பெற்று, பதிவை ரத்து செய்துவிடுங்கள். தெருவோரக் கடையில் எடைக்குப் போட்டால் உங்கள் வண்டியின் எண் வேறெங்காவது ஓட வாய்ப்புண்டு. ஒப்படைக்கும் முன், நிலையத்தாரிடம் சொல்லி ஸ்டியரிங் சக்கரத்தையோ பெயர்ப் பலகையையோ நினைவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

11. பெயிண்ட் பற்றிக் கடைசியாக

வண்டி ஓராண்டு ஓடி, ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு பெயிண்டைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் எங்கே நீர் புகுகிறது, எங்கே மீண்டும் துரு எட்டிப் பார்க்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் பாலிஷ் போட்டாலே போதும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் பழைய நிறத்தையே அடியுங்கள். நிறம் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டியிருக்கும், செலவும் கூடும்.

டாஷ்போர்டில் ஒட்டிய முருகன் படமோ, கதவு ஓரத்தில் விழுந்த பழைய கீறலோ இருந்தால், அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விட்டுவிடலாம்.

வேலைகளையெல்லாம் தேதியோடும் செலவோடும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் சரிசெய்த நாள், அடுத்து எப்போது என்பது வரை அதில் இருக்கட்டும். எழுதும் வேலையை வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையிடம் கொடுங்கள். தாத்தா வாங்கிய வண்டியின் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர், அது எதற்காக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டு எழுதும். வண்டியைப் பிற்காலத்தில் கவனிக்கப் போகிறவர் அந்தப் பிள்ளைதான்.